வளரும் பிள்ளைக்கு ஒரு நீச்சலுடை

ரெண்டிஞ்சக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அவளுடைய கணவருக்குக் கோபம் வரும்போது மட்டும் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் ரெண்டிஞ்சக்காதான். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பவள். எந்தப் பிள்ளைக்கு எதைத் தைத்தாலும், அளவெடுத்து, அதற்கு மேல் இரண்டு அங்குலம் கூட்டித்தான் துணியில் கத்தரிக்கோலை வைப்பாள். ஏன் என்று கேட்டால், "வளர்ற பிள்ளைங்க" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பெற்றவர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு தடவை தைத்தால் மூன்று வருஷம் ஓடும் என்றால் யாருக்குக் கசக்கும்? பிள்ளைகளின் பாடு வேறு. முதல் வருஷம் உடுப்புக்குள் பிள்ளையைத் தேட வேண்டும். இரண்டாம் வருஷம் பொருந்தும். மூன்றாம் வருஷம் கையைத் தூக்கினால் அக்குளில் தையல் விடும். ஆக, மூன்றில் ஒரு வருஷம் மட்டும் பிள்ளைகள் பார்க்க ஒழுங்காக இருப்பார்கள். அதுவும் பரீட்சை வருஷமாக அமைந்துவிட்டால் போச்சு, கண்ணாடி பார்க்கக்கூட நேரம் இருக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதிகமாகப் பாதிக்கப்பட்டவள் அவளுடைய சொந்த மகள்தான். வயது பதின்மூன்று. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்காது, சொன்ன பேச்சைக் கேட்காது, பதிலுக்குப் பதில் பேசும். படிப்பு சுமார். பாட்டு வராது. பந்து விளையாடப் போனால் சண்டையில் முடியும். இப்படி இருந்த பிள்ளையைப் பள்ளிக்குப் புதிதாக வந்த நீச்சல் பயிற்சியாளர் இரண்டு தெரு தள்ளியிருந்த பொது நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டதும், பாருங்கள், அது மீனாகிவிட்டது! நானூறு பிள்ளைகளில் இதற்கு மட்டும் தண்ணீர் வழிவிட்டது என்று பயிற்சியாளரே சொன்னார். தன் பெண்ணைப் பற்றி ஒரு ஆசிரியை வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து ரெண்டிஞ்சக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று தையல் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

வந்தது வினை. பள்ளிகளுக்கிடையே நீச்சல் போட்டி என்றார்கள். அதுவரை பிள்ளைகள் விளையாட்டுச் சட்டையும் முழுக்கால்சட்டையுமாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போட்டியில் அது செல்லாது, நீச்சலுடைதான் போட வேண்டும் என்று விதி. பயிற்சியாளர் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டி, மாதிரிக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கை கிடையாது, கால் கிடையாது, முதுகில் பாதி கிடையாது.

"இது உடுப்பா, கைக்குட்டையா?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள்.

"பாதித் துணியைக் காணோமே மிஸ், கடையில திருப்பிக் கேளுங்க" என்றார் பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா.

பிறகு என்ன, ஆளாளுக்குப் பேசினார்கள். காலம் கெட்டுப்போச்சு, பிள்ளைகள் கெட்டுப்போச்சு, இந்தப் பள்ளியில் சேர்த்ததே தப்பு. வாலுவின் அப்பா ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளியின் வேன் ஓட்டுபவர் அவர். நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள் என்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பயம். ரெண்டிஞ்சக்கா மகளைப் பார்த்தாள். வாலு வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

அப்போது எழுந்தாள் நாத்தனார். வேன்காரரின் அக்கா. மாடியில் குடியிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாவிட்டாலும் பெற்றோர் கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை.

"எதுக்கு இத்தனை சத்தம்? எங்க வீட்டுல தையல்காரி இருக்கா. அவ தைக்கட்டும். மூட வேண்டியதை மூடி, லட்சணமாத் தைப்பா. என்ன மிஸ், தைச்சுப் போட்டா ஒத்துக்குவாங்களா?"

பயிற்சியாளர் விதியைப் பார்த்தார். துணி நீச்சலுக்கானதாக இருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். கை வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. கூட்டம் அமைதியானது. ரெண்டிஞ்சக்கா தைத்தால் அனுப்புகிறோம் என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வேன்காரரும் ஆட்டினார். வீட்டுக்கு வந்தபிறகு மட்டும் மனைவியிடம் சொன்னார்:

"நாலு பேர் முன்னாடி ஒத்திகை பார்ப்போம். எல்லாருக்கும் சரின்னு பட்டா நீந்தட்டும். ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா நீச்சலுக்கு முழுக்குப் போட்டுட வேண்டியதுதான். அப்புறம் அழக் கூடாது, நீயும் சரி, அவளும் சரி."

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். ரெண்டிஞ்சக்காவுக்கு ஆழமும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. வாளித் தண்ணீரில் குளித்ததோடு சரி. ஆனால் தையல் தெரியுமே, அந்தத் தைரியத்தில் இறங்கினாள்.

பயிற்சியாளர் கொடுத்த துணி ரப்பர் மாதிரி இழுபட்டது. ஊசியை மாற்றி, நூலை மாற்றி, மெஷினைக் கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டுவந்தாள். அணியில் இருந்த ஐந்து பிள்ளைகளுக்கும் எப்போதும்போலப் போட்டிருந்த உடுப்பின் மேலேயே அளவெடுத்தாள். வேறு எப்படி எடுப்பது? வயசுப் பிள்ளைகள். அதன் மேல் இரண்டு அங்குலம் கூட்டினாள். துணி மேலே ஏறிவிடக் கூடாதே என்று முழங்காலில் எலாஸ்டிக் வைத்தாள். நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்து மேற்பார்வை பார்த்தாள்.

"கழுத்து இறக்கமா இருக்கே?"

"காலர் வெச்சுடறேன் அண்ணி."

"இடுப்புல கொஞ்சம் கொசுவம் வெச்சா மறைப்பா இருக்கும்."

"வெச்சிருக்கேன் அண்ணி."

"கைக்குட்டைக்குப் பை?"

ரெண்டிஞ்சக்கா சிரிக்கவில்லை. ஏனென்றால் பையை அவள் ஏற்கெனவே தைத்துவிட்டிருந்தாள். இத்தனை வருஷம் சீருடை தைத்த கை. இடது மார்பில் பை வைக்காமல் அந்தக் கைக்கு உடுப்பை முடிக்கத் தெரியாது.

ஒத்திகை சனிக்கிழமை. பெற்றோர்கள் குளத்தைச் சுற்றிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையாக வந்தபோது படிக்கட்டு முழுவதும் ஒரே பாராட்டு. "இதுதானே உடுப்பு!" "இதைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கே போகலாம்!" வேன்காரர் முகத்தில் கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாத்தனார் தானே தைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயிற்சியாளர் மட்டும் அந்தப் பைகளையே உற்றுப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குளத்து ஆள் யாரோ விசில் ஊதிவிட்டார்.

வாலு முதலில் குதித்தாள். பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. தளர்ந்த காலர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிற்று. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, முழங்காலில்தான் எலாஸ்டிக் பிடித்துக்கொண்டிருக்கிறதே! உடுப்பு உப்பியது. இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், முதுகில் ஒரு திமில். கையை வீசினால் துணி பின்னால் இழுத்தது. எப்போதும் அம்பாகப் போகிறவள் ஈரக் கோணிக்குள் மாட்டிய பூனையாகத் தவித்தாள். மற்ற பிள்ளைகள் பாதிக் குளத்திலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வாலு மட்டும் விடவில்லை. வீம்புக்கு அக்கரை வரை போனாள்.

போய், ஏணியில் ஏறினாள். அங்கேதான் மானம் போயிற்று. உள்ளே இருந்த தண்ணீரின் பாரம் மொத்த உடுப்பையும் கீழே இழுத்தது. காலர் தோளைத் தாண்டி இறங்க, அவள் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தாள், இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்தாள். ஏணியைப் பிடிக்கக் கையில்லை. தொப்பென்று மறுபடி தண்ணீரில் விழுந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதையாக, மூடுவதற்கென்று வைத்த துணியே பிள்ளையை ஊர் முன்னால் உரிக்கப் பார்த்தது.

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா? பயிற்சியாளர்தான் ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தி வாலுவைத் தூக்கிவிட்டார். வேன்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

வீடு வந்ததும் அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "முடிஞ்சுது."

வாலு அழவில்லை. அந்த ஈர உடுப்பைக் கொண்டுவந்து அம்மாவின் மெஷின் மேல் வைத்தாள்.

"அம்மா, நீ இதை எனக்குத் தைக்கலை. இன்னும் மூணு வருஷம் கழிச்சு வரப்போறவளுக்குத் தைச்சிருக்கே. நீ தைக்கிற எல்லாமே அவளுக்குத்தான். எனக்குன்னு ஒண்ணுகூடத் தைச்சதே இல்லை."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ரெண்டிஞ்சக்காவுக்கு நெஞ்சில் யாரோ குத்தூசியை இறக்கினாற்போல் இருந்தது. பெற்ற பிள்ளை வாயிலிருந்து வந்தால் வலி இரட்டிப்பு. மறுத்துச் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தாள். பிறந்த நாள் உடுப்பு, பள்ளி உடுப்பு, வெளியே போகிற உடுப்பு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மறுக்க ஒன்றும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில், மகள் பள்ளிக்குப் போனதும், அந்த ஐந்து உடுப்புகளையும் பையில் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள். காலை நேரம் பெண்களுக்கானது. பயிற்சியாளர் வர இன்னும் நேரம் இருந்தது. நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கும் பெரியவர் அவளுடைய முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். சனிக்கிழமைச் சங்கதி அவர் காதுக்கு வராமலா இருக்கும்?

"வருத்தப்படாதீங்கம்மா. அந்தப் படத்தைப் பாருங்க" என்று சுவரைக் காட்டினார்.

குளம் திறந்த நாளில் எடுத்த படம். இருபது ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேரும் கழுத்திலிருந்து தொடை வரை பனியனும் கால்சட்டையும் ஒட்டித் தைத்தாற்போல ஒன்றைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் மேலே பெல்ட் வேறு கட்டியிருந்தார்கள்.

"அப்போ ஆம்பளைங்க நெஞ்சு தெரிய இறங்கக் கூடாதும்மா. எங்க அப்பாதான் அப்போ இங்கே சீட்டுக் கொடுத்தாரு. ஒருத்தர் வெக்கை தாங்காம மேல்பாதியைக் கழட்டிட்டாராம். விசில் அடிச்சு, வெளியே பிடிச்சுத் தள்ளிட்டாங்களாம்."

"ஆம்பளையையா?" ரெண்டிஞ்சக்காவால் நம்ப முடியவில்லை.

"ஆம்பளையைத்தான். பொம்பளைங்களுக்கு உள்ளேயே வர வழியில்லை. அப்புறம் வாரத்துல ஒரு காலை கொடுத்தாங்க, சுத்தித் திரை கட்டி. காலுறையோட இறங்கினாங்க. அப்புறம் திரை போச்சு, காலுறை போச்சு. பாவாடை வெச்ச நீச்சலுடை வந்துச்சு, அதுவும் போச்சு. இப்ப என்னடான்னா, வெயில்ல கறுத்துடுவோம்னு சின்னஞ்சிறுசுங்க அதுங்களாவே முழுக்கை, முழுக்கால்னு போட்டுட்டு வருதுங்க. ஒவ்வொரு தடவையும் ஊர் கெட்டுப்போச்சுன்னு ஒரு கூட்டம் போட்டாங்கம்மா. ஊர் அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சு."

ரெண்டிஞ்சக்கா அந்தப் படத்தை அருகில் போய்ப் பார்த்தாள். தொழில் புத்தி யாரை விட்டது? படத்தில் இருந்தவர்களுக்கு அக்குளில் சரியாக வெட்டவில்லை என்று மனத்துக்குள் குறை சொன்னாள். ஆனால் ஒருவருக்கும் பை வைத்திருக்கவில்லை என்பதையும் கவனித்தாள்.

பயிற்சியாளர் வந்தார். பையைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ரெண்டிஞ்சக்கா நேராகக் கேட்டாள்: "நான் எங்கே தப்பு பண்ணேன்னு சொல்லுங்க மிஸ். ஒளிக்காதீங்க."

"சொன்னா புரியாதுக்கா. நீங்க தண்ணிக்குள்ள இறங்கினது உண்டா?"

"ஐயோ, நானா?"

"நீங்கதான். இதுலயே ஒண்ணைப் போட்டுட்டு வாங்க."

அணியிலேயே உயரமான பிள்ளைக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டாள். வெட்கக்கேடு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்று தைத்தது இரண்டு மடங்கு வயதைத் தாண்டிய அவளுக்குப் பொருந்தியது மட்டுமல்ல, இடுப்பில் ஒரு பிடி துணி மிச்சம் வேறு இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. குளிர் வயிற்றைக் கவ்வியது. அப்போது தண்ணீர் காலருக்குள் புகுந்தது. உடுப்பு அவளைவிட்டு விலகி, தனியாக ஒரு ஆளைப் போல் உப்பி நின்றது. மார்புப் பை நிறைந்து தொங்கியது. ஓர் அடி எடுத்து வைத்தாள். உடுப்பு வர மாட்டேன் என்றது. இன்னோர் அடி. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுப்பது போல் இருந்தது.

அவள் நின்றுவிட்டாள். தண்ணீருக்குள் நின்றபடியே ஓவென்று அழுதாள்.

"பாவி நான், இதைக் கட்டிக்கிட்டா என் பிள்ளை அக்கரை வரைக்கும் போனா? மத்தவங்க நின்னுட்டாங்க, இவ போனாளே மிஸ்!"

"அதனாலதான் அவளை விட்டுடாதீங்கன்னு சொல்றேன்" என்றார் பயிற்சியாளர். பின்னால் வந்து, அவளுடைய முதுகில் மிச்சமாக இருந்த துணி முழுவதையும் கொத்தாகப் பிடித்து முறுக்கி இறுக்கினார். "இப்ப நடங்க."

நடந்தாள். தண்ணீர் வழிவிட்டது. அவ்வளவுதான். ஒரு கைப்பிடித் துணி!

"உடம்பைவிட உடுப்பு சின்னதா இருக்கணும்கா. போடும்போது இறுக்கணும். அப்பத்தான் தண்ணிக்குள்ள உடம்போட ஒட்டி நிக்கும். நீங்க ரெண்டு அங்குலம் கூட்டினீங்களே, அதே ரெண்டு அங்குலத்தை அளவுலேர்ந்து குறைக்கணும்."

குறைக்கவா? வாழ்நாள் முழுக்கக் கூட்டியே பழகிய ஒருத்தியிடம் குறை என்றால் எப்படி இருக்கும்?

அன்று மாலை வீட்டில் வேன்காரர் வழக்கம்போலச் சட்டையில்லாமல், தொந்தியும் நெஞ்சு முடியுமாகக் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனாரும் இறங்கி வந்திருந்தாள். ரெண்டிஞ்சக்கா தேநீரை வைத்துவிட்டு, சுவரில் பார்த்த படத்தைப் பற்றிப் பதமாக ஆரம்பித்தாள்.

"அந்தக் காலத்துல இப்ப நீங்க இருக்கிற கோலத்துல குளத்துப் பக்கம் போயிருந்தா, விசில் அடிச்சு வெளியே தள்ளியிருப்பாங்களாங்க. அடக்கம் இல்லாத ஆளுன்னு."

வேன்காரர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். கை தானாகப் போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தது. நாத்தனார் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "போடுடா, போடு! காலரும் வெச்சுத் தைச்சுத் தரச் சொல்றேன்!"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உடுப்பு சின்னதா பெருசான்னு இல்லை. அன்னிக்கு எல்லாரும் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிச்சாங்க. அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று ரெண்டிஞ்சக்கா எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"சிரிச்சது அவளைப் பார்த்து இல்லைங்க. என் தையலைப் பார்த்து. அதை நான்தான் சரி பண்ணணும். நான் பண்ணின தப்புக்கு அவ நீச்சலை விடணுமா?"

அவர் அடுத்த பொத்தானைத் தேடினார். நாத்தனார்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பியை ஒரு முறை முறைத்தாள். "காலரும் கொசுவமும் நான் சொன்னது. பிள்ளையோட மானத்தை வாங்கினதுல எனக்கும் பங்கு உண்டு. வாயை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லு."

"என்னமோ பண்ணுங்க" என்றார் அவர். "வேனை ஓட்ட வேண்டியது என் வேலை, ஓட்டறேன். உள்ளே வர மாட்டேன். பார்க்க மாட்டேன். அவ்வளவுதான்."

மறுநாள் தையல் அறையின் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, மகளை மெல்லிய உள்ளுடுப்போடு நிற்க வைத்து அளவெடுத்தாள் ரெண்டிஞ்சக்கா. வாலு முதலில் வெட்கப்பட்டு நெளிந்தாள். கூச்சம் தாங்காமல் சிரித்தாள். அளவு நாடா தோளைச் சுற்றி வந்தபோது அம்மாவின் கை நின்றுவிட்டது.

இந்தப் பிள்ளைக்கு எப்போது இப்படித் தோள் வந்தது? முதுகில் இந்தச் சதை எப்போது இறுகியது? பெரிய உடுப்புகளுக்குள்ளேயே பார்த்துப் பார்த்து, இன்னும் குச்சிக் கையும் குச்சிக் காலுமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இது வளர்ந்ததே தெரியவில்லையே!

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை, நேரா நில்லு. எவ்வளவு அழகா வளர்ந்திருக்கேடி!"

வாலு முகம் சிவந்தாள். பதில் பேசாமல் அவள் சிவந்ததை அம்மா பார்த்ததே கிடையாது.

துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். கோட்டுக்கு வெளியே போகக் கை துடித்தது. உள்ளே இழுத்தாள். காலர் இல்லை. கொசுவம் இல்லை. எலாஸ்டிக் இல்லை. முழங்காலுக்குச் சற்று மேலேயே நிறுத்தினாள், சின்னக் கை வைத்தாள். கத்தரிக்கோலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வெட்டினது வெட்டினதுதான், பிறகு ஒட்ட முடியாது. வெட்டினாள்.

வாலு அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு, துள்ளித் துள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூச்சு விட முடியுதாடி?"

"முடியுது."

"இறுக்குதா?"

"இறுக்குது. ஆனா நல்லா இருக்கும்மா. இது எனக்குத்தான்."

வாலு போட்டுக்கொண்டதைப் பார்த்து மற்ற நான்கு வீட்டிலும் அரைமனதாகச் சம்மதித்தார்கள். முக்கால் மனதாக ஆக்கியது நாத்தனார். அந்த வாய்க்கு எதிர்வாய் பேச அந்தத் தெருவில் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

போட்டி நாள். வேன்காரர் பிள்ளைகளையும் மனைவியையும் அக்காவையும் இறக்கிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நிழலில் வேனை நிறுத்தினார். "நான் இங்கேயே இருக்கேன்" என்றார். சொன்ன சொல் மாறாத மனுஷர் என்று பெயர் எடுத்தவர்.

உள்ளே போனால் ஒரு திருவிழாக் கூட்டம். ரெண்டிஞ்சக்கா கண்ணில் பட்டதெல்லாம் தையல்தான். ஒரு பள்ளிப் பிள்ளைகள் பயிற்சியாளர் முதலில் காட்டினாரே, அந்தக் கைக்குட்டை மாதிரி போட்டிருந்தார்கள். இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு மணிக்கட்டு வரை, கணுக்கால் வரை, தலையைக்கூட மூடி வந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வாலுவைக் காட்டித் தன் தோழியிடம் கிசுகிசுத்தாள்: "பாவம், முழங்கால் வரைக்கும் போட்டு விட்டிருக்காங்க. எந்தக் காலத்துல இருக்காங்களோ!"

நாத்தனார் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். "ஏம்மா, உங்க வீட்டுப் பிள்ளைக்கு நாங்க ஏதாவது சொன்னோமா?" என்று ஆரம்பித்தவளை ரெண்டிஞ்சக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் தெருவுக்கு இது அதிகமாகத் திறந்தது, இவர்கள் தெருவுக்கு இது அதிகமாக மூடியது. எல்லாத் தெருவுக்கும் பொருந்துகிற மாதிரித் தைக்க எந்தத் தையல்காரியால் முடியும்?

விசில் ஊதியது. ஆறு பிள்ளைகள் குதித்தார்கள். தண்ணீருக்குள் போனதும் யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்றே தெரியவில்லை. ஆறு தலைகளும் பன்னிரண்டு கைகளும்தான் தெரிந்தன. அதில் ஒன்று முந்திக்கொண்டு வந்தது. ரெண்டிஞ்சக்கா தன்னை மறந்து எழுந்தாள். "போடி! போடி என் தங்கமே!" என்று அவள் கத்தியதில் கிசுகிசுத்த அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். வாலு ஒரு முறை போய்த் திரும்பினாள், இரண்டாம் முறையும் முன்னால்தான் இருந்தாள். கடைசித் திருப்பத்தில் சற்றுப் பின்தங்கினாள். இரண்டு பேர் தாண்டினார்கள். மூன்றாவதாகச் சுவரைத் தொட்டாள்.

மூன்றாவது! ரெண்டிஞ்சக்காவுக்கு அது முதலாவதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வாலு ஏணியைப் பிடித்து, விறுவிறுவென்று ஏறி, நிமிர்ந்து நின்றாள். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க, எல்லார் முன்னாலும் அப்படியே நின்று கையை ஆட்டினாள். உடுப்பு உடம்போடு இருந்தது. அவள் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேன்காரர் வருவதை ரெண்டிஞ்சக்கா பார்த்தாள். கையில் பெரிய துண்டு ஒன்றை விரித்துப் பிடித்தபடி, முகத்தை இறுக்கிக்கொண்டு, நேராக மகளை நோக்கிப் போனார். "ஐயோ, எல்லார் முன்னாலயும் போர்த்தி இழுத்துட்டுப் போகப்போறாரே" என்று அவள் நாத்தனாரின் கையை இறுகப் பிடித்தாள். இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

வாலுவும் அப்பாவைப் பார்த்துவிட்டாள். ஆட்டிய கை இறங்கியது. அவளும் துண்டுக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அவர் துண்டை அவளுடைய தலையில் போட்டார். போட்டு, இரண்டு கையாலும் பரபரவென்று தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே திட்டினார்.

"எத்தனை தடவை சொல்றது, தலையில ஈரம் நிக்கக் கூடாதுன்னு? சளி பிடிக்கும். ஏண்டி, கடைசித் திருப்பத்துல எதுக்கு ஒத்தைக் காலால சுவத்தை உதைச்சே? மத்த ரெண்டு திருப்பத்துலயும் ரெண்டு காலும் சேர்த்து எவ்வளவு அழகா உதைச்சே! அதே மாதிரி உதைச்சிருந்தா அந்த ரெண்டு பேரும் உன்னைத் தாண்டியிருப்பாங்களா?"

ஓடி வந்த நாத்தனார் மூச்சிரைக்க நின்று தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டா, மதிலுக்கு அந்தப் பக்கம் வேனுக்குள்ள உட்கார்ந்தே இத்தனையும் தெரிஞ்சுதா உனக்கு?"

அவர் இன்னும் வேகமாகத் துவட்டினார். துண்டுக்குள்ளிருந்து வாலு சிரிக்கும் சத்தம் கேட்டது. ரெண்டிஞ்சக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நன்றாக, வாய்விட்டு அழுதாள்.